தாத்தா பேரை வெச்சா குணமும் வரோணுமுங்க

நடுவர் ஐயா அவர்களே, ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கிற பேச்சாளர்களே, சாயங்கால வேலையை விட்டுப்போட்டு வந்திருக்கிற பெரியவங்களே, எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

"மறுபிறவி எடுத்து வர்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் காப்பாத்த வேண்டியது பழைய குணத்தையா, புதிய வேகத்தையா?" இதுதான் இன்னைக்குத் தலைப்பு. நின்னு போன காரோட பேரைப் புதுசா வர்ற காருக்கு வெக்கறதைத்தான் மறுபிறவிங்கறாங்க. நான் குணம்ங்கிற அணி. எனக்கு முன்னால பேசுன எதிரணி அண்ணா நல்லாத்தான் பேசுனாரு. "பேரனுக்குத் தாத்தா பேரை வெக்கறோம். அதுக்காக அவனை வேட்டியக் கட்டி ஏர் ஓட்டச் சொல்லுவீங்களா?"ன்னு கேட்டாரு. நீங்களும் கை தட்டுனீங்க.

அண்ணா, ஏர் ஓட்டச் சொல்லலீங்க. அவன் எந்தச் சீமையில வேணும்னாலும் கம்ப்யூட்டர் வேலை பாக்கட்டும். ஆனா வாசலுக்கு ஒறம்பரை வந்தா எந்திரிச்சு நின்னு "வாங்க"ன்னு கேக்கோணும். தாத்தா அதுக்குத்தானுங்க பேரெடுத்தாரு. பேரன்ங்கிற சொல்லே பெயரன்தான். பேரை எடுத்துக்கிட்டவன்கிட்டக் குணத்தைக் கேக்கறதுக்கு ஊருக்கு உரிமை இருக்குதுங்க.

அந்த உரிமை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேனுங்க. நான் கோயமுத்தூர் கணபதியில எங்கப்பாவோட லேத் பட்டறையைப் பாத்துக்கறேன். பம்ப் ஷாஃப்ட்டு, புஷ், கிரைண்டர் சாமான், இதுதான் எங்க பொழப்பு. சில வருஷத்துக்கு முன்னால பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. தென்னந்தோப்புக்காரர். ஒரு துணியைப் பிரிச்சு, கட்டைவிரல் பருமன்ல, தேஞ்சு போன ஒரு புஷ்ஷை, அதாவது தண்டு ஆடாம உக்கார்ற உலோக வளையத்தை, மேசை மேல வெச்சாரு. "எம்ஜி டிடி வண்டிங்க கண்ணு. கியர் லீவருக்கு அடியில உக்கார்ற புஷ்ஷு. எங்கேயும் கிடைக்கலீங்க"ன்னாரு.

1950-ல இங்கிலாந்துல எம்ஜி கம்பெனி விட்ட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருங்க அது. 1,250 சிசி எஞ்சின். பாடிக்கு உள்ள சட்டமே மரச்சட்டம். மொத்த எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நான் கன்மெட்டல்ங்கற வெண்கலத்துல ஒண்ணு கடைஞ்சு குடுத்தேன். அளவு சுத்தமா இருந்துச்சு. அவரு வண்டியில மாட்டி, லீவரை ரெண்டு தடவை அசைச்சுப் பாத்துட்டு இறங்கி வந்தாரு. "விழுதுங்க கண்ணு. ஆனா பேச மாட்டேங்குது"ன்னாரு. எனக்கு முதல்ல புரியல. எங்கப்பாதான் வாங்கிப் பாத்துட்டு, "உள்விட்டத்துல ஒரு முடி கனம் எடு"ன்னாரு. எடுத்தேன். மறுபடி மாட்டுனாரு. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு இழுத்தாரு. கிளக்னு ஒரு சின்னச் சத்தம். லீவரு அவரு கையை விட்டுத் தானா ஓடிப் போய் உக்காந்த மாதிரி இருந்துச்சு. அவரு கண்ணை மூடிக்கிட்டு, பட்டறை வாசல்லயே நின்ன வண்டியில நாலு கியரையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருந்தாரு.

கம்பெனிக்காரங்க அந்த மாடலை 1953-லயே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேரு சாகாம இருந்ததுக்கு யாருங்க காரணம்? இந்த மாதிரி ஆளுக. துணியில முடிஞ்ச புஷ்ஷோட பட்டறை பட்டறையா ஏறி இறங்குனவங்க. நாளைக்கு ஒரு கம்பெனி அதே பேரை ஒட்டி விக்க வந்தா, அது விக்கிறது இவங்க காப்பாத்தி வெச்ச சொத்தைங்க. அப்ப இவங்க ரெண்டு வார்த்தை கேட்டா, "பழைய நெனப்புலயே கெடக்கறாங்க"ன்னு சொல்றது எந்த நியாயமுங்க?

அண்ணா இன்னொண்ணும் சொன்னாரு. "கேக்கறவன் ஒருத்தனும் வாங்க மாட்டான்"ன்னு. அதுக்கு ஒரு கதை இருக்குதுங்க.

பிரான்ஸ்ல தியெப்னு ஒரு கடற்கரை ஊரு. அங்க ஜான் ரெடெலேன்னு ஒருத்தர் 1955-ல அல்பீன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு. 1962-ல ஏ110-ன்னு ஒரு குட்டிக் காரு வந்துச்சு. ஃபைபர் பாடி, பின்னால ரெனோ எஞ்சின். எஞ்சின் ஒண்ணும் பெரிய பலசாலி இல்லீங்க. ஆனா வண்டி இறகு மாதிரி. 1973-ல ராலிங்கற ரோட்டுக் கார் பந்தயத்துல உலக சாம்பியன் பட்டத்தை முதன்முதலா வெச்சாங்க, முதல் பட்டமே இந்த வண்டிக்குத்தான். அதே வருஷம் மான்டி கார்லோ ராலியில முதல் மூணு இடமும் இதேதான். 1977-ல தயாரிப்பு நின்னுச்சு. நாப்பது வருஷம் கழிச்சு, 2017-ல அதே பேருல, அதே தியெப் ஊருல மறுபடி பிறந்துச்சு.

அந்த எஞ்சினியருங்க என்ன பண்ணுனாங்கன்னு கேளுங்க. சட்டமும் பாடியும் அலுமினியம். ஒரு சீட்டோட எடை 13 கிலோ. பின் சக்கரத்துல வண்டியை நிறுத்தி வெக்கற ஹேண்ட் பிரேக்குக்குத் தனியா ஒரு சாமான் வெக்காம, ஓடறப்பப் புடிக்கிற பிரேக்குக்குள்ளயே சேத்து ரெண்டரைக் கிலோவை மிச்சம் புடிச்சாங்க. கார் கம்பெனி ரெண்டரைக் கிலோவுக்கு உக்காந்து யோசிச்சிருக்குதுங்க! எங்க பட்டறையில ஒரு முடி கனத்துக்கு மெனக்கெட்ட அதே புத்தி. கடைசியில வண்டி எடை 1,100 கிலோ சுத்தி வந்து நின்னுச்சு. ஏர்பேக் இருக்குது, மோதுனாத் தாங்கற சட்டம் இருக்குது, ஏசி இருக்குது. "இந்தக் காலத்துச் சட்டதிட்டத்துல லேசா ஒரு வண்டி செய்யவே முடியாது"ன்னு அண்ணா சொன்னதுக்கும் இதுதானுங்க பதில்.

இன்னும் கேளுங்க. அந்தப் புது வண்டியில கிளட்ச் பெடல் கிடையாது. எஞ்சினும் பின்னால இருந்து நடுவுக்கு வந்திருச்சு. பழமையப் புடிச்சுத் தொங்கறவங்களா இருந்தா ரசிகருங்க குதிச்சிருக்கணும் இல்லைங்களா? பெருசாக் குதிக்கலீங்க. லேசான எடையைக் காப்பாத்துனதுனால மத்ததை விட்டுக் குடுத்தாங்க. முதல்ல விட்ட 1,955 வண்டியும் சில நாள்லயே முன்பதிவாகிப் போச்சு. கேட்டவங்க வாங்குனாங்களா இல்லைங்களா, அண்ணாவே சொல்லட்டும்.

டொயோட்டா சுப்ராங்கற பழைய ஸ்போர்ட்ஸ் கார் 2019-ல திரும்பி வந்தப்ப எஞ்சின் பிஎம்டபிள்யூ எஞ்சின், கியரு ஆட்டோமேட்டிக் மட்டும். ரசிகருங்க விடாமக் கேட்டாங்க. 2022-ல கையால போடற கியரு வந்துச்சு. கேட்டாக் கிடைக்குமுங்க.

இப்ப வேகத்தை நம்புன வண்டியைப் பாக்கலாமுங்க. ஹோண்டா என்எஸ்எக்ஸ், 1990. முழு அலுமினிய உடம்பு, மூணு லிட்டர் எஞ்சின், எடை 1,370 கிலோ பக்கம். சோதனை வண்டியை ஃபார்முலா ஒன்ங்கற உலகக் கார் பந்தயத்தோட சாம்பியன் அயர்டன் சென்னா, ஜப்பான்ல சுசுகா டிராக்குல ஓட்டிப் பாத்து, உடம்புல உறுதி பத்தலைன்னாரு. கம்பெனி கேட்டுக்கிட்டு இறுக்குனாங்க. பதினஞ்சு வருஷத்துல 18,000-க்கும் மேல வித்துச்சு. 2016-ல அதே பேருல புதுசு வந்துச்சு: ரெண்டு டர்போ, மூணு மின் மோட்டாரு, 573 குதிரைசக்தி. வேகத்துல பழசைத் தூக்கிச் சாப்பிட்டுச்சு. எடையும் 1,700 கிலோவைத் தாண்டுச்சு. 2022-ல நிறுத்திட்டாங்க. அதுக்குள்ள வித்தது மூவாயிரத்தைக்கூடத் தொடலீங்க. அது மோசமான வண்டி இல்லீங்க. வேற பேருல வந்திருந்தா நானே கும்பிட்டிருப்பேன்.

எடை, எடைன்னு ஏன் இவ்வளவு சொல்றேன்? எடை தனியா வராதுங்க. வண்டி கனத்தா டயரு பெருசாகோணும். டயரு பெருசானா பிரேக்கு பெருசாகோணும். அதெல்லாம் தாங்க ஸ்பிரிங்கு கெட்டியாகோணும். நூறு கிலோ ஏத்துனா அது இன்னும் கொஞ்சம் எடையைக் கூட்டிக்கிட்டு வரும். நேர்ரோட்டுல அது தெரியாது, குதிரைசக்தியைக் கூட்டி மறைச்சிரலாம். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுங்க. 40 கொண்டை ஊசி. அங்க எடையை மறைக்க ஒரு மோட்டாராலயும் ஆகாதுங்க.

இதை நமக்கு பிரான்ஸ்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இதே கோயமுத்தூர்ல கரிவரதன் அய்யா, மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒத்தை ஆளு உக்கார்ற பந்தய வண்டி செஞ்சாரு. வீட்டு ஆளுக கோயிலுக்குப் போற காரோட எஞ்சினுங்க அது. அந்தச் சின்ன எஞ்சினை ஒரு லேசான உடம்புல வெச்சாரு, பசங்களுக்கு ஓட்டத் தெரிஞ்சுச்சு. 1995-ல விமான விபத்துல அவரு போயிட்டாரு. செட்டிபாளையத்துல 2003-ல திறந்த பந்தயத் தடத்துக்கு அவரு பேருதான். இந்த ஊருப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் ஓட்டுனாரு. லேசான வண்டியோட அருமை தெரிஞ்ச மண்ணுங்க இது. இங்க வந்து "குதிரைசக்தி இருந்தாப் போதும்"னு பேசுனா எப்படிங்க ஏத்துக்க முடியும்?

2025-ல எம்ஜி பேருல மேல் கூரை திறக்கற ரெண்டு சீட்டு வண்டி நம்ம நாட்டுக்கு வந்துச்சு. சைபர்ஸ்டர். மின்சார வண்டி. பொள்ளாச்சிப் பெரியவர் வேற ஒரு சாமானுக்காகப் பட்டறைக்கு வந்திருந்தாரு. எங்க பசங்க அவரைச் சுத்தி நின்னு போன்ல காட்டுனாங்க. கதவு றெக்கை மாதிரி மேல தூக்குது. 510 குதிரைசக்தி. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 3.2 நொடி. அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் ஆசையாப் பாத்தாரு. மின்சாரம்னு மூஞ்சியைச் சுளிக்கலீங்க. "நல்ல அழகுங்க"ன்னாரு. அப்புறம் என்கிட்டத் திரும்பி, "எடை எத்தனைங்க கண்ணு?"ன்னாரு.

நான் தேடிப் பாத்துச் சொன்னேன். "ரெண்டு டன் பக்கமுங்கய்யா."

அவரு போனைத் திருப்பிக் குடுத்துட்டு, வாசல்ல நின்ன அவரோட வண்டியைப் பாத்தாரு. "அப்ப இது மாதிரி ரெண்டுங்களா?"ன்னாரு.

நடுவர் ஐயா, அவரு என்கிட்டக் கேட்டதை உங்க முன்னால வெச்சுட்டேனுங்க. வணக்கம்.