துண்டுக்கு அடியில் பேசும் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

இணையம் வந்த பிறகு நாம் பொருள் வாங்குகிற விதமும், கட்சிகள் நம்மிடம் ஓட்டுக் கேட்கிற விதமும் எப்படி மாறியிருக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நான் ரொம்பக் காலமாக நுகர்வோர் சங்க வேலையில் இருப்பவன். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. விலையும் சரி, வாக்குறுதியும் சரி, நாலு பேர் காதில் விழும்படி சொல்லப்பட்டு வந்தவை. இப்போது அவரவர் காதில் தனித்தனியாகச் சொல்லப்படுகின்றன. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே கேட்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்தான்.

முதலில் கடைக்கு வருவோம். 2007இல் பெங்களூரில் பிளிப்கார்ட் தொடங்கியபோது புத்தகம்தான் விற்றார்கள். கண்ணால் பார்க்காத பொருளுக்கு முன்கூட்டியே பணம் கட்ட நம் ஊரில் யார் துணிவார்கள்? 2010இல், பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றார்கள். கையில காசு வாயில தோசை! அதற்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. 2016 இன்னொரு திருப்பம். அந்த ஆண்டுதான் யுபிஐ வந்தது, ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது, நவம்பரில் பணமதிப்பிழப்பும் வந்தது. இன்று கீரைக்கார அம்மாவின் தள்ளுவண்டியிலும் ஒரு க்யூஆர் அட்டை தொங்குகிறது. பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி, ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறது. எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கும். இந்தப் புதிய ஏற்பாட்டில் தொகையை ஊரறியச் சொல்வது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் நான் மாட்டுச்சந்தைக்குப் போகாமல் இருக்க முடியாது. என் பேச்சை முன்பே கேட்டவர்கள், ‘ஆரம்பிச்சுட்டார்யா’ என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை. மணப்பாறை, பொள்ளாச்சி, அந்தியூர் என்று எந்தச் சந்தைக்குப் போயிருந்தாலும் இதைப் பார்த்திருப்பீர்கள். விற்பவர் ஒரு பக்கம், தரகர் ஒரு பக்கம். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேலே போடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரமா, பத்தாயிரமா? அது மாட்டைப் பார்த்தாலே தெரியும், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் விலை தெரியாது. விற்பவர் முகம் சுளிப்பதையும் தரகர் தலையாட்டுவதையும் வைத்து ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு மாட்டை விற்க வந்தவர் எவ்வளவுக்கு இறங்கினார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதில் ஒரு மரியாதை உண்டு. முக்கியமாக, துண்டுக்கு அடியில் இரண்டு பேருடைய கையும் இருக்கிறது. நான் வாங்கப் போனால், எதிரில் இருப்பவர் விரல் எனக்குத் தெரியும், என் விரல் அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பேன், நடக்கவிட்டுப் பார்த்திருப்பேன், சுழி பார்த்திருப்பேன்.

செல்போனுக்குள் இருக்கும் கடையிலும் துண்டு போட்டுத்தான் வியாபாரம் நடக்கிறது. ஆனால் அங்கே என் கை மட்டும்தான் பிடிபடுகிறது. நேற்று ராத்திரி நான் எதைத் தேடினேன், எதை வாங்காமல் விட்டேன், எந்த ஊரில் இருக்கிறேன், என் போன் என்ன விலை, எல்லாம் எதிர்க்கைக்குத் தெரியும். எதிர்க்கை எனக்குத் தெரியாது.

இது கற்பனை இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமேசான் ஒரே டிவிடியை ஆளுக்கொரு விலையில் விற்றது. எப்படி வெளியே வந்தது தெரியுமா? வாடிக்கையாளர்கள் ‘உனக்கு என்ன விலை காட்டுது?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இது வெறும் சோதனை, ஆளைப் பார்த்து வைத்த விலை இல்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தது. நம் நாட்டில் 2025 ஜனவரியில், போனின் வகையைப் பொறுத்து வாடகை மாறுகிறது என்ற புகாரின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் இரண்டிடமும் விளக்கம் கேட்டது. அப்படிச் செய்வதில்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. உண்மை எதுவாக இருந்தாலும், சந்தேகம் எப்படி வந்தது பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் போனைக் காட்டிக்கொண்டதால் வந்தது.

சட்டப்படி எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. பாக்கெட்டில் அச்சிட்ட அந்த விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். தள்ளுபடி, கூப்பன், ‘உங்களுக்கு மட்டும்’ எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் விளையாடுகின்றன. நான் கூட்டங்களில் சொல்வது ஒன்றுதான்: வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இன்னொருவர் போனிலும் அதே பொருளைத் தேடிப் பாருங்கள். மருமகள் போனில் ஒரு விலை, மாமியார் போனில் ஒரு விலை என்றால், குறைந்த பக்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப ஒற்றுமைக்கும் நல்லது.

‘இன்னும் இரண்டே இரண்டு பாக்கி’ என்று சிவப்பில் துடிப்பது, கேட்காமலே கூடைக்குள் இன்சூரன்ஸையோ நன்கொடையையோ போட்டுவிடுவது, சேரச் சுலபம் விலகக் கடினம் என்று சந்தாவில் மாட்டிவைப்பது, இப்படி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு 2023 நவம்பரில் அரசு தடை செய்திருக்கிறது. பட்டியல் இருக்கிறது. பழக்கம் முழுசாக நிற்கவில்லை.

சரி, தேர்தல். கட்சிப் பெயர் எடுக்கக் கூடாது என்று நிலையத்தில் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள், பயப்படாதீர்கள். நம் ஊரில் பிரசாரம் என்றால் சுவரும் மேடையும். தேர்தல் வர ஒரு வருஷம் இருக்கும்போதே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதி இடம் பிடித்துவைப்பார்கள். எழுதியது என்னவானாலும் ஊரே படித்தது. மேடையில் ஒருவர் ஒன்றைச் சொன்னால், அடுத்த வாரம் அதே திடலில் எதிராளி ஏறிப் பதில் சொல்வார். டீக்கடையில் இரண்டையும் வைத்து அலசுவோம். இப்போது வயது, ஊர், விருப்பம் பார்த்து விளம்பரத்தை அனுப்பலாம். அப்பாவுக்குப் பயிர்க்கடன், மகனுக்கு வேலைவாய்ப்பு. ஒரே கட்சி, ஒரே வீடு, இரண்டு பேச்சு. ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. எதிராளி எதற்கென்று பதில் சொல்வார்? ஃபேஸ்புக்கில் இருப்பவர்களின் விவரத்தை எடுத்துத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய நிறுவனம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா. 2018இல் அந்த விவகாரத்தில், இந்தியாவில் மட்டும் 5.62 லட்சம் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. துண்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் பலருக்கும் புரிந்தது.

மறைந்த முதல்வர்கள் கருணாநிதி, ஜெயலலிதா இருவர் குரலும் 2024இல் செயற்கை நுண்ணறிவால் மறுபடி கேட்டது. இரண்டு பக்கத்திலும் நடந்தது. வெளிப்படையாகச் செய்தார்கள் என்பதால் எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. யார் செய்தது என்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் வரும் குரல்தான் பயம்.

செலவுக் கணக்கு என்று ஒரு பெரிய பகுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், சுருக்கிவிடுகிறேன். மக்களவை வேட்பாளருக்கு நம் மாநிலத்தில் 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு, கட்சிக்கு வரம்பே கிடையாது. சமூக ஊடக விளம்பரத்துக்கும் முன் அனுமதி வேண்டும், அதுவும் செலவில் சேரும் என்று தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. காசு கொடுக்காத ஃபார்வர்டுக்கு எந்தக் கணக்கு? 2024இல் இங்கே ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்தது, போன் ஓயவில்லை.

கடைசியாக இரண்டு தகவல். ஃபேஸ்புக், கூகுள் இரண்டும் அரசியல் விளம்பரங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள், எவ்வளவு என்பதை 2019 முதல் பொதுவில் வைக்கின்றன. யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். வாங்கிய பொருளில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். இன்னொரு தடவை சொல்கிறேன், 1915. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வணக்கம்.