வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறீர்களா? சம்பளத்தைக் கணக்கில் காட்டுங்கள்

(காட்சி: மேசைமேல் பணம் வைத்த ஒரு உறை. பெயர் இல்லை, தேதி இல்லை.)

வீடு துடைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள, வயதானவர்களுக்குத் துணையாக இருக்க ஒருவரை வைக்கிறீர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் கையில். ரசீதும் இல்லை, பதிவும் இல்லை. இது சட்டப்படி சரியா?

ரொக்கமாகக் கொடுப்பதே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-வது உடன்படிக்கையே, வீட்டுப் பணியாளருக்கு மாதம் ஒருமுறையாவது சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கிறது. அரசிடம் பதிவு செய்ய வேண்டிய சம்பளத்தை மறைப்பதுதான் சிக்கல்.

“அவர் என் ஊழியர் இல்லையே, வந்து செய்துவிட்டுப் போகிறார்” என்பார்கள். எப்போது வர வேண்டும், எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? நீங்கள் என்றால், பல நாடுகளின் சட்டப்படி முதலாளியும் நீங்கள்தான். குழாய் ரிப்பேருக்கு வருபவர் தன் கருவியோடு வந்து தன் பாணியில் செய்கிறார். அவர் கதை வேறு.

(காட்சி: மின்விசிறிக்குக் கீழே ஒரு ஏணி.)

மின்விசிறி துடைக்க ஏறியவர் விழுந்து மணிக்கட்டு உடைகிறது. முறையாகப் பதிந்து, விபத்துக் காப்பீடும் இருந்தால் சிகிச்சைச் செலவுக்கு ஒரு வழி உண்டு. இல்லாவிட்டால் முதல் அடி அவருக்கு. விஷயம் புகாராகப் போனால் அடுத்தது உங்களுக்கு: அவருக்காக அரசுக்குக் கட்டாத தொகை, அதற்கு வட்டி, அபராதம். “ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தேனே” என்று சொல்லலாம். எதைக் காட்டுவீர்கள்? காகிதம் இல்லாதது தனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தவரே அப்போது காகிதம் தேடுவார்.

சில சமயம் பணியாளரே “பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்பார். கை இறுக்கமாக இருப்பவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் ஓய்வூதியக் கணக்கில் அந்த வருடங்கள் ஏறாது. கடனுக்கோ வாடகை வீட்டுக்கோ வருமானச் சான்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

மறைப்பவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்களா? இல்லை என்றே நினைக்கிறேன். பாதிப் பேர் படிவங்களுக்குப் பயந்தவர்கள். 1993-ல் அமெரிக்காவில் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பதவிக்கு முன்மொழியப்பட்ட ஸோயி பேர்ட், உரிய அனுமதி இல்லாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்து, அவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியையும் (ஓய்வூதியம் போன்றவற்றுக்கானது) கட்டாதது வெளியே வந்ததால் விலக நேர்ந்தது. அப்போது காலாண்டுக்கு 50 டாலர் சம்பளம் கொடுத்தாலே அந்த வரி உண்டு. 1994-ல் வரம்பை வருடத்துக்கு 1,000 டாலராக்கி, வருமான வரிப் படிவத்தோடு சேர்த்தே கட்ட வழி செய்தார்கள். பிரான்ஸில் இன்னும் சுலபம்: சம்பளத்தை இணையத்தில் பதிந்தால், பிடித்தத்தைக் கணக்கிட்டு சம்பளச் சீட்டையும் அரசு அமைப்பே தருகிறது; வரம்புக்கு உட்பட்டுச் செலவில் பாதி வரிச் சலுகையாகத் திரும்பி வருகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? உங்கள் பகுதித் தொழிலாளர் அலுவலகத்தில் எதெல்லாம் கட்டாயம் என்று கேளுங்கள். அப்புறம் ஒரே பக்கத்தில் ஒப்பந்தம்: வேலைகள், நேரம், சம்பளம், விடுப்பு, நிறுத்துவதற்கு முன்னறிவிப்பு. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வும் அதில் இருக்கட்டும். வீட்டிலேயே தங்குபவர் என்றால், இரவில் கூப்பிட்டால் எழுந்து வர வேண்டிய நேரத்துக்கு என்ன கணக்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பின்னால் அதிகம் சண்டை வருவது அங்கேதான்.