‘கட்’ என்ற சின்ன இங்கிலீஷ் சொல்: நாம் சொல்வதும் அவர்கள் புரிந்துகொள்வதும்

வணக்கம். இங்கிலீஷ் பேசாதவர்கள்கூட சென்னையில் தினமும் வாய் ஓயாமல் சொல்கிற ஒரு இங்கிலீஷ் சொல் ‘கட்’. கரண்ட் கட், கிளாஸ் கட், போன் கட், தாம்பரம் வரை போகாமல் கிண்டியோடு திரும்பிவிடும் கட் சர்வீஸ் பஸ். இதை எப்போதோ நம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டோம், அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதே பழக்கத்தோடு இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால், இல்லை வெளிநாட்டு கிளையண்டிடம் போனில் பேசினால், நாம் சொல்ல வந்தது ஒன்று, அவர் காதில் விழுவது இன்னொன்று. எந்தெந்த இடத்தில் அப்படி ஆகிறது என்றுதான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

இலக்கணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘கட்டெட்’ என்று ஒரு சொல் கிடையாது. நிகழ்காலம், இறந்தகாலம், ‘ஹேவ்’ சேர்த்துச் சொல்வது, மூன்றுக்கும் ‘கட்’தான். புட், ஹிட், ஷட், லெட், காஸ்ட் எல்லாம் இதே கூட்டம். அப்புறம் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

[திரையில்: ஹீ கட்ஸ் த கேக் / ஹீ கட் த கேக்]

முதல் வாக்கியத்தில் ‘கட்’டின் கடைசியில் ஒரு ‘ஸ்’ இருக்கிறது, அதனால் நிகழ்காலம். இரண்டாவதில் இல்லை, அதனால் வெட்டி முடித்துவிட்டார். ஆனால் ‘ஐ கட்’, ‘தே கட்’ என்று வந்தால் அந்த அடையாளமும் இல்லை, ‘யெஸ்டர்டே’, ‘எவ்ரி டே’ மாதிரி ஒரு சொல்லை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது போன். இன்டர்வியூ நடக்கும்போது லிஃப்டில் ஏறுகிறீர்கள், சிக்னல் போய்விடுகிறது. தமிழில் ‘கட் ஆயிடுச்சு சார்’ என்போம், அதில் யார் மேலும் பழி இல்லை. ‘கட் பண்ணிட்டாங்க’ என்றால்தான் பழி. இந்த வித்தியாசத்தைத் தமிழில் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இங்கிலீஷுக்குப் போகும்போது மட்டும் கோட்டை விட்டுவிடுகிறோம். திரும்பக் கூப்பிட்டு ‘யூ கட் த கால்’ என்றால், நீங்கள்தான் வைத்துவிட்டீர்கள் என்று எதிரில் இருப்பவரைக் குற்றம் சொல்வதாகிவிடும். ‘சாரி, வீ காட் கட் ஆஃப்’ என்று சொல்லுங்கள். அந்த ‘காட்’தான் நம்ம ‘ஆயிடுச்சு’ செய்கிற வேலையைச் செய்கிறது. ஒருவர் வேண்டுமென்றே போனை வைத்தால் அதற்கு அவர்கள் சொல்வது ‘ஹங் அப்’. ‘கட் த கால்’ நம் ஊர் இங்கிலீஷ், இங்கே யாரிடம் சொன்னாலும் புரியும், வெளியே பலருக்கு அது பழக்கமில்லை.

முடி வெட்டிக்கொள்வதிலும் இதே கதைதான். ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரியைப் பிடித்தீர்கள் என்றும் அர்த்தம் வரும். சலூனுக்குப் போய் வந்தால் ‘ஐ காட் எ ஹேர்கட்’ அல்லது ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’. டெய்லரிடம் கொடுத்துத் தைத்த பிளவுசுக்கும் இதே அமைப்புதான்: ‘ஐ ஹேட் மை பிளவுஸ் ஸ்டிச்ட்’.

சரி, இந்த ஊரில் ஒவ்வொரு பிளஸ் டூ வீட்டிலும் தூக்கத்தைக் கெடுக்கிற ‘கட் ஆஃப்’புக்கு வருவோம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200.

[திரையில்: கணக்கு 96 + இயற்பியல் 88-இல் பாதி 44 + வேதியியல் 92-இல் பாதி 46 = 186]

ரிசல்ட் வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ‘கண்ணு, உன் கட் ஆஃப் எவ்ளோ?’ பிள்ளை சொல்வது ‘186 அத்தை’. அந்த 186 பிள்ளையின் மார்க். இங்கிலீஷில் கட் ஆஃப் என்பது கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இடம் கிடையாது. ஆகவே கட் ஆஃப் காலேஜுக்கு உண்டு, கோர்சுக்கு உண்டு, மாணவருக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் எழுதும்போது ‘மை கட் ஆஃப் இஸ் 186’ என்று போட்டால், படிப்பவர் ஒன்றும் விளங்காமல் முழிப்பார். ‘மை அக்ரிகேட் வாஸ் 186 அவுட் ஆஃப் 200’ என்று எழுதுங்கள், கூடவே எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கணக்கு முறை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தேர்வில் அந்தக் கோட்டைத் தாண்டினால் ‘மேட் த கட்’, தாண்டாவிட்டால் ‘டிடின்ட் மேக் த கட்’. வேலைக்குத் தேர்வாவதற்கும் டீமில் இடம் பிடிப்பதற்கும் இதையே சொல்வார்கள்.

அடுத்ததை, வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கவனமாகக் கேளுங்கள். ‘கட் டவுன் ஆன் சுகர்’ என்றால் சர்க்கரையைக் குறையுங்கள். ‘கட் அவுட் சுகர்’ என்றால் அடியோடு நிறுத்துங்கள். ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம், ஆனால் முதலாவதில் காலை காபிக்கு அரை ஸ்பூன் உண்டு, இரண்டாவதில் அதுவும் கிடையாது. டாக்டரின் சீட்டில் இப்படி எதையாவது எழுதியிருந்தால், குறைக்க வேண்டுமா நிறுத்த வேண்டுமா என்று அங்கேயே தமிழில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. ‘கட் அவுட்’ என்றதும் நமக்கு அண்ணா சாலையில் நின்ற பிரம்மாண்ட நடிகர் உருவங்கள்தான் ஞாபகம் வரும். அதுவும் சரிதான், பலகையை உருவத்தின் ஓரத்தோடு வெட்டி எடுப்பதால் அந்தப் பெயர்.

ரோட்டில், உங்கள் வண்டிக்கு முன்னால் ஷேர் ஆட்டோ சட்டென்று கட் அடித்துப் போகிறது. இதை அமெரிக்கர் ‘ஹீ கட் மீ ஆஃப்’ என்பார், பிரிட்டிஷ்காரர் ‘ஹீ கட் மீ அப்’ என்பார். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நடுவில் புகுந்து உங்களைப் பேசவிடாமல் நிறுத்தினாலும் ‘ஹீ கட் மீ ஆஃப்’தான். கரண்ட் போவதிலும் இரண்டு ஊருக்கும் வேறுபாடு உண்டு: பிரிட்டனில் பவர் கட், அமெரிக்காவில் பவர் அவுட்டேஜ்.

புரோக்கர் எடுத்துக்கொள்ளும் பங்குக்கும் இங்கிலீஷில் ‘கட்’ என்றே பெயர், ‘ஹீ டேக்ஸ் எ கட்’. நம் ஊரில் அது ‘கட்டிங்’ ஆகி, லஞ்சத்தையும் குறிக்கிறது. இங்கிலீஷ்காரரிடம் ‘கட்டிங்’ என்றால் பேப்பரிலிருந்து வெட்டி எடுத்த செய்தியையோ, நடுவதற்காக ஒடித்த ரோஜாக் குச்சியையோதான் நினைப்பார். பணத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ‘இங்’கை விட்டுவிட்டு வெறும் ‘கட்’ என்று சொல்லுங்கள்.