கொண்டைக்குருவி பெருகுது, வரையாடு ஏன் பெருகல?

அடுத்த கேள்வி: "கோத்தகிரி பக்கம் கொண்டைக்குருவி வேலிக்கு வேலி உக்காந்திருக்கு. அதே மலைத்தொடர்ல வரையாடு மட்டும் ஏன் அரிதாப் போச்சு? குட்டி கம்மியா போடுறதாலயா?"

குட்டிக் கணக்கு பாதிக் காரணம்தாங்க. நீங்க பாக்குறது செம்மீசைச் சின்னான். கூரான கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால சிவப்புப் பொட்டு, எடை 30 கிராம் அளவுதான். 2, 3 முட்டை வைக்கும். 12 நாள்ல பொரிக்கும், இன்னொரு 12, 13 நாள்ல குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பிடும். கூட்டைக் காக்கா கலைச்சாலும் அதே பருவத்துல மறுபடி கட்டும்.

பெட்டை வரையாடு ஆறு மாசம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். பெரும்பாலான குட்டிங்க பிறக்குறது ஜனவரி, பிப்ரவரியில. அதனாலதான் கேரளாவுல இருக்குற இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமா பிப்ரவரி, மார்ச்ல பார்வையாளர்களுக்கு மூடுறாங்க.

இதைவிடப் பெருசு, இடம். சின்னானுக்கு உண்ணிச்செடிப் பழம், தேயிலைத் தோட்டத்து வேலி, வீட்டுக் கொய்யா எதுவும் போதும். நாம மலையை மாத்த மாத்த அதுக்குத் தீனி கூடுச்சு. வரையாட்டுக்கு ரெண்டு சேர்ந்து வேணும்: மேய திறந்த புல்வெளி, ஓடி ஏற பக்கத்துலயே பாறைச் செங்குத்து. அது குளம்பைப் பாருங்க, ஓரம் கெட்டி, நடுவுல ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கும். வழுக்குற பாறையில 100 கிலோ கிடாவே நிக்கும். சிறுத்தையைத் தூரத்துலயே பாத்து ஒரு சீட்டி அடிச்சா, கூட்டமே பாறைக்கு ஏறிடும். புல்வெளியில சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) நட்டோம். இப்ப பார்வை மறையுது, நிழல்ல புல்லும் சாகுது. நடுவுல தேயிலை வந்ததுல கூட்டங்க தனித்தனியாத் துண்டாயிடுச்சு. தமிழ்நாட்டுல 2024 கணக்கெடுப்புல 1,031, 2025-ல 1,303. நல்ல சேதிதான், ஆனா மாநிலம் முழுக்க அவ்வளவுதாங்க.

"அப்போ சீகையை வெட்டிட்டா போதுமா?"ன்னும் கேட்டிருக்கீங்க. போதாது. வெட்டுனதும் வெளிச்சம் பட்டு, மண்ணுல பல வருசமாக் கிடக்குற விதை கும்பலா முளைக்கும். மழை முடிஞ்சு மண் ஈரமா இருக்கும்போதே கன்னை வேரோட புடுங்கணும், வருசா வருசம். நடுவுல ஒரு வருசம் விட்டா, கன்னு கைக்கு வராத அளவு தடிச்சிடும்.