தண்ணீர் குறையும் வருஷம்

நடுவர் அவர்களே, அவை நிறைந்திருக்கும் அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"அயலாருக்கு நாம் வைக்கும் பட்டப்பெயரும் ஊர்ப்போட்டியும் உறவுக்கு உப்பா, பகைக்கு விதையா?" இதுதான் இன்றைய தலைப்பு. பகைக்கு விதைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியின் முதற் பேச்சாளர் அண்ணன் அந்தப் பழைய பகிடியைச் சொன்னார். ஆம்ஸ்ட்ரோங் நிலாவில் கால் வைத்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு நாயர் டீக்கடை போட்டிருந்தாராம். மண்டபம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். மலையாளிகளே அதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். "இதில் யாருக்கு என்ன நோகிறது?" என்று கேட்டுவிட்டு அண்ணன் உட்கார்ந்தார்.

அண்ணன், அந்த நோவு நிலாவில் இல்லை. கொழும்பின் இதே வெள்ளவத்தையில் இருந்தது.

இங்கே ஒரு பெரிய நூல் நூற்பு, நெசவாலை இருந்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1930-களில் அதில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி மலையாளிகள். ஆலையில் மட்டுமல்ல, துறைமுகத்திலும் புகையிரதப் பட்டறைகளிலும் கொழும்பு வீடுகளின் குசினிகளிலும் அவர்கள் இருந்தார்கள். நம்முடைய கொச்சிக்கடையின் பெயரிலேயே கொச்சி இருக்கிறது.

அப்போது கொழும்புத் தொழிலாளர்களின் பெருந்தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம், 1929 டிராம் வண்டி வேலைநிறுத்தம் எல்லாம் அவர் நடத்தியவை. சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையாளி என்று பாராமல் ஒரே வரிசையில் ஆட்களை நிறுத்திய மனிதர் அவர். சரி, அப்புறம் என்ன நடந்தது? உலகப் பொருளாதார மந்தம் கொழும்புக்கும் வந்தது. வேலைகள் சுருங்கின. அதே குணசிங்க மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பினார். "நம்முடைய வேலையை இவர்கள் பிடுங்குகிறார்கள், இவர்களைப் புறக்கணியுங்கள்" என்ற பிரசாரத்தை அவருடைய பத்திரிகையே நடத்தியது. 1933-இல் இந்த வெள்ளவத்தை ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரி இளைஞர்கள் தொழிலாளர்களோடு நின்றார்கள். பழைய தலைவர் எதிர்ப்பக்கம் நின்றார்.

1939-இல் அரசாங்கத் திணைக்களங்களே நாட்கூலி இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கின. நேரு நேரில் வந்து பேசினார். எதுவும் மாறவில்லை. இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது அந்த வருஷம்தான். கொழும்பு மலையாளிகளில் பெரும்பாலானோர் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இன்று வெள்ளவத்தையில் அவர்களுடைய தெரு எது என்று கேட்டால் காட்ட ஆளில்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? மலையாளிகளுக்கு வைத்த "கொச்சியான்" என்ற சொல் 1933-இல் புதிதாக முளைத்ததல்ல. நல்ல காலத்திலும் அது இருந்தது. துறைமுகத்தில் ஒன்றாகச் சாப்பிட்டபோதும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கேலி செய்திருப்பார்கள், சிரித்தும் இருப்பார்கள். வேலை குறைந்த வருஷத்தில் அந்தச் சொல் ஆளைக் காட்டிக்கொடுக்கத் தயாராக இருந்தது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பட்டப்பெயர் நல்ல காலத்தில் சும்மா கிடக்கும். தண்ணீரோ வேலையோ குறைகிற வருஷத்தில் எழும்பும். எழும்பினால் அது போய் விழுவது எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவனின் முதுகில்தான். முதலமைச்சர்கள் மேல் ஒரு நாளும் விழுவதில்லை.

தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் வருவோம், தலைப்பே அயலாரைச் சுற்றித்தானே. கர்நாடகத்தில் தமிழனுக்குக் "கொங்கா" என்று பெயர். கேரளத்தில் "பாண்டி". நம் தமிழர்கள் மட்டும் சும்மாவா இருக்கிறார்கள்? தெலுங்கரைக் "கொல்டி" என்கிறார்கள். மலையாளிக்குக் கொலையாளி என்று எதுகை வைத்திருக்கிறார்கள். நம் மொழியின் எதுகை இதற்கா பயன்பட வேண்டும் என்று எனக்கு வேதனையாக இருக்கிறது.

காவிரிக்கு ஒப்பந்தங்கள் 1892-இலும் 1924-இலும் எழுதப்பட்டவை. மதராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் எழுதிக்கொண்ட கடதாசிகள். மழை நன்றாகப் பெய்கிற வருஷத்தில் அந்தக் கடதாசியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பெய்யாத வருஷத்தில்தான் சண்டை. 1991-இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி இடைக்காலத் தீர்ப்புக் கொடுத்தது. அந்த டிசம்பரில் பெங்களூரில் கலவரம் வெடித்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் நிறையப் பேர் கட்டட வேலைக்காரர்கள், குடிசைக்காரர்கள். அவர்களுக்குக் காவிரியில் ஒரு வாய்க்கால் பாசனம்கூடக் கிடையாது.

2016 செப்டம்பரில் மறுபடியும் அதே கதை. பெங்களூரில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே இடத்தில் எரிந்தன. சென்னையில் கன்னடக்காரர் நடத்தும் ஹோட்டலைத் தாக்கினார்கள். இராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வந்த கர்நாடக வண்டிகளை நம்பர் பலகையைப் பார்த்து அடித்தார்கள். பலகையில் இரண்டே இரண்டு எழுத்து. அது போதுமாக இருந்தது, ஏனென்றால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பவன் எப்படிப்பட்டவன் என்று ஆளுக்கொரு கேலி ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தது.

எதிரணித் தங்கை கேட்கலாம், "சண்டைக்குக் காரணம் தண்ணீர்தானே, கேலியா?" என்று. நியாயமான கேள்வி. தண்ணீர்ப் பஞ்சம் உண்மைதான். ஆனால் 1991-இல் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு திருவள்ளுவர் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததால் திறக்காமலே மூடி வைத்தார்கள். 18 வருஷம் மூடியிருந்தது. வள்ளுவர் எந்த அணையைத் திறக்கச் சொன்னார்? 1,330 குறளில் "தமிழ்" என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லை. 2009 ஆகஸ்டில்தான் அந்தச் சிலையைத் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அந்த இரண்டு திறப்பு விழாக்களையும் நான் மனதார வணங்குகிறேன். ஆனால் 18 வருஷம் ஒரு கிழவரைத் துணிக்குள் வைத்திருந்தது தண்ணீர் இல்லை, பெயர்.

இதற்கு மாற்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2003-இல் பேராசிரியர் ஜனகராஜன் போன்றவர்களின் முயற்சியில் "காவிரிக் குடும்பம்" என்று ஒன்று தொடங்கியது. இரு மாநில விவசாயிகளும் சேர்ந்த குழு. டெல்டா விவசாயிகள் கர்நாடகம் போய் வயல் பார்த்தார்கள், அங்கிருந்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து பார்த்தார்கள். காய்ந்த வயலில் நிற்கிற மனிதனைப் பார்த்தவன் ஊருக்குத் திரும்பி "கொங்கா" என்று சொல்வது கஷ்டம். அரசாங்கங்கள் அந்தக் குழுவின் பேச்சை எடுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போட்டி நாட்டை வளர்க்கும் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். கேரளத்தின் ஆஸ்பத்திரிகளைப் பார்த்துத் தமிழ்நாடு கற்பதும், தமிழ்நாட்டின் தொழிற்சாலைகளைப் பார்த்துக் கேரளம் கற்பதும் போட்டியென்றால் எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. அதற்குப் பட்டப்பெயர் தேவையில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார், மண்ணுக்கு மண் பெருமை வேண்டுமென்று. அதற்குக் கண்ணகியிடம் போகிறேன்.

கண்ணகி பிறந்தது சோழ நாட்டுப் பூம்புகாரில். நீதி கேட்டது பாண்டியன் மதுரையில். தெய்வமானது சேர நாட்டில். அவளுடைய கதையை எழுதியவர் சேர இளவரசர் என்பது மரபு, அந்தச் சேர நாட்டின் பெரும்பகுதி இன்றைய கேரளம். அவளுக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் போனான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இங்கே சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். மட்டக்களப்பில் வைகாசியில் அவள் கோபத்தைத் தணிக்கக் குளிர்த்தி பாடுகிறார்கள். ஒரு பெண் இத்தனை நாட்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறாள். ஆனால் தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவே மலைமேல் இருக்கும் அவளுடைய மங்கலதேவி கோயில் எங்கள் எல்லையிலா உங்கள் எல்லையிலா என்று இரண்டு மாநிலங்களும் இழுபறியில் இருக்கின்றன. வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமிக்கு மட்டும் சனங்களை மேலே விடுகிறார்கள். மண்பெருமை கண்ணகிக்குத் தந்தது அந்த ஒரு நாள்தான்.

சரி, இதெல்லாம் இந்தியாவில் என்று நாம் இங்கே நிம்மதியாக உட்கார முடியுமா? வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் பெயர் கேட்பதற்கு முன் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கிறோம். யாழ்ப்பாணத்தாருக்குப் "பனங்கொட்டை" என்று பெயர் வைத்திருக்கிறோம். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறோம். விருந்தாளியை எழும்ப விடாமல் உபசரித்த சனத்துக்கு நாம் கொடுத்த சன்மானம் அது.

எனக்கு வைத்த பெயரைச் சொல்கிறேன். என் அப்பா பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து பதினான்கு வயதில் புறக்கோட்டைக் கடைக்குச் சிப்பந்தியாக வந்தவர். நான் படித்தது கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில். ஆறாம் வகுப்பில் என்னைத் "தோட்டக்காட்டாள்" என்று கூப்பிட்டது வேற்று மொழிக்காரப் பிள்ளை இல்லை. என்னோடு ஒரே தேவாரம் பாடிய பிள்ளை. ஆசிரியை கேட்டும் கேளாதவர் போல இருந்தார். அது பகிடிதானாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு அதைவிட மோசமான பெயர்கள் கடையில் இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

வடக்கில் எங்களை "வடக்கத்தியான்" என்றார்கள், தெற்கில் "கள்ளத்தோணி". தேயிலையும் கோப்பியும் வளர்க்கக் கப்பலில் கொண்டுவந்த சனத்துக்கு அந்தப் பெயர். 1948-இல் எங்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தப் பெயர்கள் சட்டத்துக்குத் துணை நின்றன. "அவர்கள் நம்மவர் இல்லை" என்று கேலியாகப் பல வருஷம் சொல்லிப் பழகிய வாய்க்கு, அதையே பாராளுமன்றத்தில் சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. தமிழ்த் தலைவர்களே ஒரே குரலில் நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949-இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்குபோடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள்.

என் பெரியப்பா அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தார். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு எங்கள் சனம் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தது. நாங்கள் வைத்த பெயர் அது ஒன்றுதான், அதிலும் யாரையும் பழிக்கவில்லை. பெரியப்பா நீலகிரிக்குப் போனார், கோத்தகிரிப் பக்கம். தேயிலைதான், மலைதான், மழைதான். மொழியும் அதே தமிழ்தான். ஆனால் அங்கே அவருடைய பெயர் "சிலோன்காரன்". இந்தியாக்காரன் என்று இங்கிருந்து அனுப்பப்பட்டவர், அங்கே சாகும்வரை சிலோன்காரனாகவே இருந்தார். ரேஷன் கடை வரிசையிலும் அதே பெயர், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டிலும் அதே பெயர்.

எதிரணி நண்பர்களே, உப்பு என்றீர்கள். அந்த உப்பைச் சாப்பிட்டவர் யார் என்று கேட்க வேண்டியவர் நீங்கள்.

மணி அடிக்கப் போகிறது என்று நினைக்கிறேன். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் பெரியம்மாவைப் பார்க்கக் கோத்தகிரிக்குப் போனேன். பெரியப்பா அப்போது இல்லை. பேருந்தில் நடத்துனர், "சிலோன் காலனி எறங்குறவங்க எறங்குங்க" என்று கூப்பிட்டார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, அந்த இடத்துக்கே அதுதான் பெயராகிவிட்டது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் யார் இருக்கிறார்கள், லயத்துக்குப் பின்னால் இருந்த பலாமரம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்:

"அங்க இப்பவும் நம்மள இந்தியாக்காரங்கன்னுதான் சொல்றாங்களா?"

அன்றைக்கு நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பைக் கேட்டுவிட்டு இன்று இரவு அவருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.