தொடாமல் அளக்கும் கருவி கண்ணைச் சரியாக அளக்கிறதா?

(திரையில்: தாடையைப் பதித்து, நெற்றியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி)

வணக்கம். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் இப்படி ஒரு கருவி முன் உட்கார வைப்பார்கள். உள்ளே தெரியும் விளக்கைப் பார்க்கச் சொல்வார்கள். கண்ணில் எதுவும் படாது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு பவரில் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அதன் பவரை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அதற்கு முக்கியமாகக் கண்ணின் நீளமும் (முன்னாலிருந்து பின்னால் வரை), கருவிழியின் (கார்னியா) வளைவும் தெரிய வேண்டும். பெரியவர்களின் கண் சராசரியாக 23.5 மில்லிமீட்டர் நீளம். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடிப் பவர் சுமார் 2.5 முதல் 3 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை மாறிவிடும்.

1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் பொருத்தினார். அந்த நோயாளிக்குக் கிடைத்தது சுமார் மைனஸ் 18 கிட்டப்பார்வை! பவர் கணக்கு அந்த அளவுக்குத் தப்பியிருந்தது.

(திரையில்: கருவிழியைத் தொடும் ஏ-ஸ்கேன் முனை)

பிறகு வந்த ஏ-ஸ்கேன், ஒலி அலையால் அளக்கும். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, முனையைக் கருவிழியில் வைப்பார்கள். கை லேசாக அழுத்தினாலே கருவிழி உள்ளே அமுங்கி, கண் குட்டையாகத் தெரியும். தண்ணீர் நிரப்பிய குப்பி வழியாக அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படிச் செய்வதில்லை.

1988இல் ஃபெர்ஷர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒளி அலைகளின் குறுக்கீட்டைக் கொண்டே கண்ணின் நீளத்தை அளந்து காட்டினார்கள். 1999இல் அதே முறையில் தொடாமல் அளக்கும் ஜைஸ் நிறுவனத்தின் ஐஓஎல் மாஸ்டர் கருவி வந்தது. அழுத்தம் என்ற பேச்சே இல்லை. திரும்பத் திரும்ப அளந்தாலும் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான் மாறும். நோயாளி விளக்கையே பார்ப்பதால், பார்வை போகும் பாதையிலேயே அளவு கிடைக்கிறது.

சரி, அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. ஒரே எண் மறுபடி மறுபடி வருவது வேறு, அந்த எண் சரியாக இருப்பது வேறு.

கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பாருங்கள். லாசிக், கருவிழியின் முன்பக்கத்தைத்தான் செதுக்குகிறது. பல கருவிகள் முன்பக்க வளைவை மட்டும் அளந்து, பின்பக்கம் வழக்கமான விகிதத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்கின்றன. லாசிக் அந்த விகிதத்தையே கலைத்துவிட்டது. வழக்கமான சூத்திரமும் அந்த வளைவை நம்பித்தான் லென்ஸ் எங்கே உட்காரும் என்று ஊகிக்கிறது. பத்து முறை அளந்தாலும் எண் அழகாக ஒத்துப்போகும். கணக்கு மட்டும் தவறியிருக்கும். கிட்டப்பார்வைக்காக லாசிக் செய்தவருக்கு, புரை ஆபரேஷன் முடிந்ததும் பிளஸ் பவர் வந்து நிற்கும். இதற்கென்றே தனிச் சூத்திரங்கள் உண்டு. ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? இருபது வருஷம் முன்னால் செய்தது என்றாலும் சொல்லுங்கள்.

(திரையில்: கருவிழியில் பிரதிபலிக்கும் ஒளிப்புள்ளிகள், மிக அருகில்)

இந்தப் புள்ளிகளின் இடத்தை வைத்துத்தான் கருவி வளைவைக் கணக்கிடுகிறது. உண்மையில் அவை பிரதிபலிப்பது கண்ணீர்ப் படலத்தில். கண் சிமிட்டியதும் கூர்மையாக இருக்கின்றன. கொஞ்சம் காய்ந்ததும், பாருங்கள், ஓரம் கலங்கி இழுபடுகின்றன. கண் உலர்ந்தவர்களுக்கு அளவு ஆளுக்கு ஆள் அல்ல, சிமிட்டலுக்குச் சிமிட்டல் மாறும்.

அப்புறம் முற்றிய வெள்ளைப் புரை. ஒளி உள்ளே நுழைய முடியாததால் கருவி அளவே தராது. நீண்ட அலைநீள ஒளியைப் பயன்படுத்தும் புதிய கருவிகளில் இது குறைந்திருக்கிறது, முழுதாகத் தீரவில்லை. நம் ஊரில் புரை முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ-ஸ்கேன்தான் கைகொடுக்கிறது. அதைப் பழசு என்று ஓரங்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அளக்கப் போகும் முன் கான்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கருவிழியைத் தொட்டுச் செய்யும் சோதனைகளை, இப்படி அளந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். இரு கண்களின் நீளமும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், மறுபடி அளந்து பார்த்தார்களா என்று விசாரியுங்கள். அளவுத் தாளின் நகலையும் வாங்கி வையுங்கள். முதல் கண்ணில் கணக்கு எவ்வளவு தள்ளிப்போனது என்று தெரிந்தால், இரண்டாவது கண்ணுக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது டாக்டருக்கு அது உதவும்.