மாட்டைக் கடித்த கொசு

(கடலூரில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்கள்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டார்கள். அத்தனையையும் பேசினால் உங்கள் கடைசி பஸ் போய்விடும். ஒரு நோய், அதன் பின்னால் அலைந்த ஒரு விஞ்ஞானி. அவ்வளவுதான்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயரில்தான் ஜப்பான். இந்தியாவில் அது மனிதர்களிடம் முதலில் கண்டறியப்பட்டது 1955ல், வேலூரில். கொக்கு, மடையான், பன்றி இவற்றின் உடம்பில் வைரஸ் பெருகும். கொசு அதை நம்மிடம் கொண்டுவரும். சாக்கடைக் கொசு அல்ல, வயல் தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் வகை. வீராணம் பாசனத்தில் ஐப்பசி மாதம் நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். கொக்கும் அங்கே, கொசுவும் அங்கே.

அப்படியானால் தெருவுக்குத் தெரு மூளைக்காய்ச்சல் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட நோய் வெளியே தெரிவதில்லை என்பது ஒரு காரணம். ஆனால் படுத்துவிட்டால், 20 முதல் 30 சதவீதம் பேர் இறந்துபோகிறார்கள்; பெரும்பாலும் பிள்ளைகள்.

இன்னொரு காரணத்தைத் தேடியவர் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் ரேச்சல் ரூபன். அவரும் குழுவினரும் ரத்தம் குடித்து வயிறு புடைத்திருந்த கொசுக்களைப் பிடித்து, உள்ளே இருப்பது யார் ரத்தம் என்று சோதித்தார்கள். (இப்படி ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்!) 1992ல் வெளியான அந்த முடிவுகளின்படி, தென்னிந்தியாவில் இந்தக் கொசுக்கள் குடித்தது பெரும்பாலும் மாட்டு ரத்தம். நம் பக்கம் மாடுகள் ஏராளம், பன்றிகள் குறைவு. இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு இந்த வைரஸ் மாட்டின் ரத்தத்தில் பெருகாது. வைரஸுக்கு மாடு ஒரு முட்டுச்சந்து. நாமும் அப்படித்தான், என்ன, நாம் செத்தும் போகிறோம்.

சரி, மாடு நம்மைக் காப்பாற்றுகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போகலாமா? அதுதான் சிக்கல். மாட்டு ரத்தம் குடித்த கொசு சும்மா இருக்காது, அந்தச் சத்தில்தான் முட்டையிடும். கடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அதே மாடுதான் கொசுவையும் பெருக்கிவிடுகிறது. விலங்குகளைக் குற்றவாளி, காவலாளி என்று இரண்டே பெட்டியில் போடுவது எனக்கு இதனால்தான் பிடிப்பதில்லை.

முன்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார், “அப்போ மாட்டை வித்துடலாமா?” வேண்டாங்க. கொட்டகையைப் படுக்கையறை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று தடுப்பூசி இரண்டு தவணை. நோய் உள்ள மாவட்டங்களில் அரசு அதைப் போடுகிறது.

அப்புறம் வயல். நீங்கள் சொல்லும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ இருக்கிறதே, அப்படி விட்டுவிட்டுத் தண்ணீர் கட்டுவதோடு யூரியாவில் வேப்பம்புண்ணாக்குத் தூள் பூசிப் போட்டால் கொசுப்புழு குறைகிறது என்பதையும் ரேச்சல் ரூபன் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் காயப்போட்டுப் பயனில்லை. பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் கொசு அங்கே வளர்ந்து இங்கே வரும். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒரே நாளில் மடையை அடைக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.